உப்பு மண்ணில் ஓர் ஊசி

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் மன்னார்ப் பெருநிலத்து வயல்வெளிகளில் மிதிவெடி அகற்றப் புறப்படும் அணியொன்றின் வாகனத்துக்குள் விடியற்காலையில் எட்டிப் பார்த்தால், ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சாமான்கள் கண்ணில் படும். ஒரு பக்கம், நுரைப்பஞ்சு வைத்த பெட்டிக்குள் பல இலட்சம் ரூபாய் பெறுமதியான டிடெக்டர். தமிழில் உலோகங்காட்டி என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பக்கத்திலேயே வாரி. தோட்டத்தில் சருகு வாருவோமே, அதே சாதிதான்: நீளக் கம்பு, நுனியில் வளைந்த இரும்புப் பற்கள். இரும்பு வேலை தெரிந்த எவரும் ஒரு பகலில் செய்து தந்துவிடுவார். மண்ணுக்குள் கிடக்கும் ஊசியைக் கண்டுபிடிக்கும் கருவி கையில் இருக்கும்போது வாரி எதற்கு?

துப்பாக்கி சுடும் பயிற்சிக்குக் கூட்டமாகப் போகிறவர்களும் முதல் நாள் இரவே சாமான் கட்டிவிடுவார்கள். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி, குறிப்பலகை, முதலுதவிப் பெட்டி, தொப்பி, தண்ணீர். மிதிவெடி அணியின் பட்டியலும் மேலோட்டமாகப் பார்த்தால் இதே பட்டியல்தான். ஆனால் சுடுகளத்தில் ஆபத்து எந்தப் பக்கம் போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்: குழல் பார்க்கும் பக்கம். எப்போது போகும் என்பதும் தெரியும். ஆகவே காதை அடைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே கோட்டுக்குப் பின்னால் நின்றால் பெரும்பகுதி வேலை முடிந்தது. வயலில் நிலைமை தலைகீழ். ஆபத்து எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வியே. காதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மெல்லிய ஒலிக்காகக் காத்திருப்பதுதான் அங்கே தொழில். பெட்டியில் ஏறும் ஒவ்வொரு சாமானையும் இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

மாந்தை, அடம்பன் பக்கம் 2007, 2008ஆம் ஆண்டுகளில் உள்நாட்டுப் போரின் முன்னரங்குகள் ஓடிய நிலம். இரண்டு தரப்பும் வெடி புதைத்தன. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அது 2018 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலத்தை முற்றாகத் துப்புரவாக்க 10 ஆண்டுத் தவணை, அதாவது 2028 ஜூன் வரை. அகற்றும் வேலை அதற்கு வெகு முன்னரே, 2002 போர்நிறுத்தத்தோடு வடக்கில் ஒழுங்காகத் தொடங்கிவிட்டது. கவசம் கட்டிக்கொண்டு வெயிலில் முழங்காலிட்டு வேலை செய்தவர்களில் கணிசமானோர் பெண்கள். அவர்களில் போரில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியே சுமந்தவர்களும் உண்டு.

ஆட்களுக்காகப் புதைக்கப்படும் வெடி ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும். உறை பிளாஸ்டிக். உள்ளே சில பத்துக் கிராமோ நூறு, இருநூறு கிராமோ வெடிமருந்து. மேலே ஓர் அழுத்தத் தட்டு. கால் பட்டதும் தட்டு இறங்கும், ஓர் ஊசி வெடிதூண்டியில் குத்தும். முழு வெடியிலும் உலோகம் என்று சொல்ல இருப்பது அநேகமாக அந்த ஊசி, ஒரு சின்ன வில், வெடிதூண்டியின் மெல்லிய உறை, இவ்வளவுதான். டிடெக்டருக்குப் பிடிபடக் கூடாது என்றே உலோகத்தைக் குறைத்துச் செய்தவை இவை. சில வகைகளில் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு கிராம் தேறாது.

அந்த ஊசியை டிடெக்டர் எப்படிக் கண்டுகொள்கிறது? கருவியின் அடியில் உள்ள வட்டத்துக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் சுற்றிலும் காந்தப் புலம் பரவும். மின்னோட்டத்தைச் சட்டென்று வெட்டினால் புலமும் சட்டென்று சரியும். மாறுகிற காந்தப் புலம் பக்கத்திலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைக் கிளப்பும் என்பதை 1831இல் மைக்கேல் பரடே காட்டினார். இது மின்காந்தத் தூண்டல். ஊசிக்குள்ளும் அப்படி ஒரு சிறு ஓட்டம், ஆற்றுச் சுழிபோல வட்டமாகச் சுற்றுவதால் சுழியோட்டம் என்று பெயர் பெற்றது, ஒரு கணம் எழுந்து அடங்குகிறது. அடங்கும்போது அது தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தை வெளிவிடும். அதைச் சுருள் பிடிக்கிறது, காதில் மாட்டிய கேட்பொறி கத்துகிறது.

கோயில் மணியை அடித்துவிட்டுக் கேட்பது போன்ற வேலை இது. அடித்த ஓசை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மணியைக் காட்டிக்கொடுப்பது அடித்த பிறகு நீளும் ரீங்காரம். பெரிய மணியின் ரீங்காரம் வெகுநேரம் இழுக்கும். சின்ன மணி சீக்கிரம் ஓய்ந்துவிடும். மண்குடத்தைத் தட்டினால் ‘டொக்’ என்பதோடு சரி. துடிப்புவகை டிடெக்டர்கள் வினாடிக்குப் பல நூறு, பல ஆயிரம் தடவை நிலத்தைக் காந்தத்தால் தட்டிவிட்டு, ஒரு நொடித்துணுக்கு பொறுத்துக் கேட்கின்றன. பொறுப்பது ஏன் என்றால், மண் போடும் ‘டொக்’ அடங்கட்டும் என்று. அதன் பிறகும் ரீங்காரம் மிஞ்சினால் அது உலோகம்.

இந்தக் கணக்கு உள்நிலத்து மணலில் சரியாக வரும். மன்னார்க் கரையில்தான் குழம்பும்.

கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். இரும்போடு ஒப்பிட்டால் அதன் கடத்துதிறன் இருபது இலட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஊசி ஒன்று. அதைச் சுற்றி உப்பூறிய மண் கன அடிக் கணக்கில். உப்பளங்களையும் களப்பு வெளிகளையும் ஒட்டிய ஈரமண்ணில் டிடெக்டரை நீட்டினால் முழு நிலமும் ஒரு மங்கலான உலோகம் போலப் பதில் சொல்கிறது. அப்படியானால் இன்னும் கொஞ்சம் நேரம் பொறுத்துக் கேட்டால் போதாதா? போதாது. ரீங்காரம் எவ்வளவு நேரம் நீளும் என்பது பொருளின் கடத்துதிறனையும் பருமனையும் சேர்த்தே அமைகிறது. ஊசி நன்றாகக் கடத்தும், ஆனால் பொடியன். உப்பு மண் மோசமாகக் கடத்தும், ஆனால் பரந்தது. இரண்டினதும் ரீங்காரம் அநேகமாக ஒரே அளவு நேரத்தில், வினாடியின் மில்லியனில் சில பங்குகளுக்குள், அடங்கிப்போகிறது. உப்பு ஓயும்வரை பொறுத்தால் ஊசியும் ஓய்ந்துவிடும். உழவு இயந்திரத்தின் நட்டு ஒன்றைக் கண்டுபிடிப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. ஆளைக் கொல்வது நட்டு அல்ல.

சிலாவத்துறைக்குத் தெற்கே போகப் போகத் தென்படும் செம்மண்ணில் தொல்லை வேறு ரகம். செம்மண்ணில் இரும்பு ஒட்சைட்டு இருக்கிறது. சிவப்பு நிறமே குற்றவாளி என்று நினைத்துவிட வேண்டாம். நிறம் தரும் ஒட்சைட்டு பெரும்பாலும் காந்தத்துக்கு மசியாதது. அதோடு கலந்து கிடக்கும், கண்ணுக்கே தெரியாத வேறுவகை இரும்புத் துகள்கள்தான் காந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல விடுகின்றன. மண்ணுக்கே ஒரு வால் முளைத்த மாதிரி. இதனால் நவீன டிடெக்டர்களில் நிலச்சமன் என்றொரு வசதி வைத்திருக்கிறார்கள். வேலை தொடங்குமுன் வெறும் மண்ணுக்கு மேல் கருவியை ஏற்றி இறக்கினால், அந்த மண்ணின் வாலைக் கருவி மனப்பாடம் செய்து கழித்துவிடும். ஆனால் நூறு மீற்றர் தள்ளி மண் மாறினால் மனப்பாடமும் மாற வேண்டும். நேற்று மழை பெய்திருந்தால் நேற்றைய சமன் இன்றைக்கு உதவாது.

ஆகவே பெட்டியில் ஏறும் சாமான்களில் விலை குறைந்ததும் விட்டுப்போனால் நாளே பாழாவதுமான ஒன்று சோதனைத் துண்டு. ஒரு பிளாஸ்டிக் வில்லைக்குள் ஊசியளவு உருக்கு பதித்தது, பெரிய பொத்தான் அளவு. அந்த வட்டாரத்தில் கிடைக்கும் வெடியின் உலோகத்துக்கு ஈடாகச் செய்யப்பட்டிருக்கும். வேலை நடக்கும் மண்ணிலேயே, உலோகம் இல்லை என்று உறுதியான இடத்தில், குறித்த ஆழத்தில் அதைப் புதைத்து, ஒவ்வொருவரும் தமது கருவியால் அதன் ஒலியைக் கேட்டுக் காட்ட வேண்டும். கேட்காவிட்டால் அந்தக் கருவி அன்றைக்கு வயலில் இறங்காது. கருவி நல்லதா என்று தொழிற்சாலைச் சான்றிதழ் சொல்வதை இங்கே யாரும் கேட்பதில்லை. இந்த மண்ணில், இன்றைக்கு, இந்தக் காதுக்குக் கேட்கிறதா என்பதுதான் கேள்வி.

உலோகங்காட்டி ஏமாறிய மிகப் பழைய கதை ஒரு கைத்துப்பாக்கிக் குண்டைப் பற்றியது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள் எங்கே என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசி கண்டுபிடித்த அலெக்சாந்தர் கிரகம் பெல், மின்காந்தத் தூண்டலைக் கொண்டு ஒரு கருவியை அவசர அவசரமாகச் செய்து, நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுபோனார். வேறு ஆட்களில் பரீட்சித்தபோது வேலை செய்த கருவி, ஜனாதிபதியின் உடம்பின் மேல் எங்கே வைத்தாலும் முணுமுணுத்தது. மெத்தைக்குள் உருக்கு வில்கள் இருந்தன. போதாததற்கு, தலைமை வைத்தியர் தாம் சந்தேகித்த வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டு கிடந்ததோ இடப்பக்கம். செப்டெம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். கருவி பொய் சொல்லவில்லை. உலோகம் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றது.

வயலில் நடப்பதும் அதுதான். சண்டை நடந்த நிலத்தில் சன்னம், ஷெல் சிதறல், ரவைக் கோது, முள்ளுக்கம்பி, பழைய மீன்ரின் மூடி எல்லாம் கிடக்கின்றன. டிடெக்டருக்கு அத்தனையும் ஒன்றுதான். கம்போடியாவில் 1992 முதல் 1998 வரை தோண்டி எடுக்கப்பட்ட பொருள்கள் ஏறத்தாழ 20 கோடி. அவற்றில் மிதிவெடியோ வேறு வெடிபொருளோ ஆக இருந்தவை 0.3 சதவீதத்துக்கும் குறைவு. ஆயிரம் தடவை கருவி கத்தினால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு தடவை வெறும் தகரம். அந்தத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழையும், இதுதான் வெடி என்ற எண்ணத்தோடே, பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டித் திறந்தாக வேண்டும். கருவியின் உணர்திறனைக் கூட்டக் கூட்ட ஊசி மட்டுமா கேட்கும்? துருப்பிடித்த ஆணித்தூளும் சேர்ந்து கேட்கும்.

நிலத்தை ஊடுருவும் ராடார் என்றொரு வழி இருக்கிறது. அது உலோகத்தைத் தேடாது. வானொலி அலையை மண்ணுக்குள் அனுப்பி, பிளாஸ்டிக்கானாலும் சரி, மண்ணிலிருந்து வேறுபட்ட ஏதாவது ஒன்றில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பார்க்கும். டிடெக்டரும் ராடாரும் ஒரே கைப்பிடியில் சேர்ந்த கருவிகள் பாவனையில் உள்ளன, உலர்ந்த மணலில் அருமையாக வேலை செய்கின்றன. உப்பூறிய ஈரமண்ணிலோ அந்த அலை உள்ளே போன சுருக்கில் உறிஞ்சப்பட்டுவிடும். நீர்மூழ்கிக் கப்பலோடு சாதாரண வானொலியில் பேச முடியாததற்கும் காரணம் இதே உப்புத்தான்.

இனி வாரிக்கு வரலாம். தேடுவதை விட்டுவிட்டு, மேல் மண் முழுவதையும் குறித்த ஆழத்துக்கு அரித்தெடுத்துவிடுவது என்ற முடிவுதான் வாரி. இந்த முறை 2002க்குப் பிறகு இலங்கையின் வடக்கில் செம்மையாக வளர்ந்து, வெளிநாட்டு ஆய்வறிக்கைகளிலும் இடம்பிடித்தது. பட்டறையில் செய்த சாமான் என்பதால் அதை ஏழைநாட்டுச் சமாளிப்பு என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘இங்கே உலோகம் உண்டா’ என்ற கேள்வியை மண் குழப்பிவிடும்போது, கேள்வியையே மாற்றிவிடுவது நல்ல அறிவியல்.

வாரியால் இழுத்தால் வெடிக்காதா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். வெடி காத்திருப்பது மேலிருந்து வரும் பாரத்துக்கு. சில கிலோவாவது தட்டின் மேல் இறங்க வேண்டும். வாரி மேலிருந்து கொத்துவதில்லை. முதலில் சந்தேகமற்ற நிலத்தில் ஒரு சிறு வெட்டு; அங்கிருந்து மண்ணின் சுவரைப் பக்கவாட்டில், அடியிலிருந்து, மெல்ல மெல்லத் தம் பக்கம் உதிர்ப்பார்கள். இரண்டு வாரி வேண்டும். கனமான, விறைத்த பற்கள் கொண்டது மண்ணைத் தளர்த்த. வளையும் மெல்லிய பற்கள் கொண்டது உதிர்ந்ததைக் கூட்டி எடுக்க. அதன் பற்கள் வளைகின்றன என்பதே பாதுகாப்பு: விசை ஓர் எல்லையைத் தாண்டினால் பல் மடிந்துவிடும், வெடியின் தட்டு அசையாது. பற்களின் இடைவெளி வெடியின் விட்டத்தைவிடச் சிறியது, ஆகவே அது நழுவிப் போகாது. மணற்பாங்கான கரையில் இது சுகமான வேலை. கோடையில் காய்ந்து பாறையாகிப்போன வயற்களியில் பல் இறங்காது, மண்ணை முதலில் நனைக்க வேண்டும். அதனால் வாகனத்தில் இரண்டு வகைத் தண்ணீர் ஏறுகிறது, குடிக்க ஒன்று, மண்ணுக்கு ஒன்று. மண்ணுக்குத்தானே என்று உவர்க் கிணற்றில் அள்ளிவந்தால், பிறகு அதே இடத்தைச் சரிபார்க்க டிடெக்டர் வரும்போது உப்பின் குழப்பத்தை நாமே ஊற்றிவைத்ததாகும்.

மீறி வெடித்துவிட்டால்? கம்பின் நீளம் அதற்கான பதில். வெடியின் மிக அருகில் அதன் அமுக்கம் தூரத்தோடு படுவேகமாகக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அமுக்கம் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகும். தள்ளிப் போகப் போக இந்த வேகம் தணியும், ஆனால் கைக்கும் முகத்துக்கும் கணக்குள்ளது முதல் ஒரு மீற்றருக்குள்தான். சிறு கரண்டியால் தோண்டுபவரின் விரல்கள் வெடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. வாரி பிடித்தவரின் கை ஒரு மீற்றருக்கும் அப்பால். ஒரு சாணில் விரல் போகும் வெடியில், அந்தத் தூரத்தில் சிராய்ப்போடு தப்பிவிடலாம்.

இது தாளில் போட்ட கணக்கு மட்டும் அல்ல. பிரித்தானியரான ஆண்டி ஸ்மித், உலகெங்கும் வெடி அகற்றும்போது நேர்ந்த விபத்துகளின் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகத் திரட்டி ஒரு தரவுத்தளமாக்கினார். யார் எந்த நிலையில் இருந்தார், கையில் என்ன கருவி, முகமூடி கீழே இருந்ததா மேலே இருந்ததா, எந்த விரல் போனது, எல்லாம் அதில் உண்டு. வாசிக்க மனம் கனக்கும், ஆனால் கவச விதிகள் பல அந்தப் பதிவுகளிலிருந்து வந்தவை. கட்டையான கருவி கையைப் பலிவாங்குகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. மலிவான கருவியின் பிடியும் அலகும் வெடிப்பில் கழன்று, அவையே பாயும் துண்டுகளாகி ஆளைக் காயப்படுத்துகின்றன என்பதும் தெரிந்தது. ஆகவே வாரியோ கரண்டியோ, உடையாமல் வளையும்படி, ஒரே துண்டாகப் பற்றவைத்துச் செய்ய வேண்டும்.

அதே பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு வரி, முகமூடி உயர்த்தியிருந்தது என்பது. முகத்துக்கான அந்தக் கவசம் 5 மில்லிமீற்றர் தடிப்பான பொலிகாபனேற்றுத் தகடு. 60 சென்ரிமீற்றர் தூரத்தில் 240 கிராம் ரிஎன்ரி வெடித்தால் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பரவலாகப் புழங்கும் மிதிவெடிகளில் பெரிய ஒன்றுக்குள் இருக்கும் அளவு அது. கண்ணாடியின் மூலக்கூற்றமைப்பு விறைத்தது. அடி தாங்காமல் பிளக்கும். பொலிகாபனேற்று நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அடி விழும்போது சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, நீண்டு, சக்தியை வாங்கிக்கொள்ளும். தகடு குழிவிழும், உடையாது. ஆனால் அதே இளக்கத்தினால் கீறல் விழுவதும் எளிது. மன்னாரில் சோளகக் காற்று தூக்கி வரும் மணல் படிகக்கல், பொலிகாபனேற்றைவிட எவ்வளவோ கடினமானது. தூசி படிந்த தகட்டை உலர்ந்த துணியால் ஒரு தரம் துடைத்தால் போதும், நூற்றுக்கணக்கான மயிரிழைக் கோடுகள். காலைச் சூரியன் எதிரே நிற்கும்போது அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடித்து, முன்னாலுள்ள மண்ணை வெள்ளைத் திரையாக்கிவிடும். ஆள் என்ன செய்வார்? ஒரு கணம் பார்த்துவிட்டு இறக்கலாம் என்று முகமூடியைத் தூக்குவார். வெடிப்பைத் தாங்கும் தகடு அந்தக் கணத்தில் நெற்றிக்கு மேலே இருக்கும்.

எனவே சாமான் கட்டும்போது முகமூடி துணிப்பையில் போக வேண்டும், வாரியோடு சேர்த்து எறியக் கூடாது. கழுவச் சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் வேண்டும்; முதலில் மணலைத் தண்ணீரால் ஓடவிட்டு, பிறகு மெத்தென்ற ஈரத்துணி. பெற்றோல், தின்னர் கிட்டவும் வரக் கூடாது. அவை கீறலைப் போக்குவதாகத் தோன்றும். உண்மையில் தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கி, தாங்கும் பலத்தைத் தின்றுவிடும். கீறல் அதிகமானால் தகட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

காலுக்கு விசேஷ சப்பாத்து ஏன் இல்லை என்று கேட்பவர்களும் உண்டு. கால் வெடியின் மேல் நேரே படும்போது தூரம் பூச்சியம். அந்த நெருக்கத்தில் எந்த அடிப்பாகமும் பெரிதாக உதவாது. சோதிக்காத இடத்தில் கால் வைக்காமலிருப்பதுதான் காலின் கவசம். அதற்காகத்தான் பையில் கட்டுக்கட்டாகக் குச்சிகளும் நூலும். சோதித்த எல்லைக்கும் சோதிக்காத நிலத்துக்கும் நடுவே அவை நிற்கும். ஆளுக்கு ஆள் பொதுவாக 25 மீற்றர் இடைவெளி, ஒருவரின் வெடி இன்னொருவரையும் சேர்த்துக் கொண்டுபோகாதிருக்க.

பட்டியலில் அதிகம் இடம்பிடிப்பது தண்ணீர். வேலை செய்யும் உடம்பு அடுப்பு மாதிரிச் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் அந்தச் சூடு தானே கழன்றுபோகும். மன்னாரின் உச்சி வெயிலில், வெண்மணல் எதிரடிக்கும் சூட்டில், அந்த வழி அடைபட்டுவிடும். மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். ஒரு லீற்றர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் உடம்பைவிட்டுப் போகிறது. எட்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டிய வெப்பம் அது. கவனிக்க வேண்டிய சொல் ‘ஆவியானால்’. சொட்டி விழும் வியர்வையால் ஒரு பலனும் இல்லை. மார்பையும் இடுப்பையும் மூடும் கவசம், காற்று மிக அதிகம் பட வேண்டிய இடத்தை அடைத்துவிடுகிறது. உள்ளே உடுப்பு நனைந்து பிழியும், உடம்பு குளிராது. குளிரவில்லை என்று மூளை இன்னும் வியர்வையைத் திறந்துவிடும். தண்ணீரும் உப்பும் இழப்பு, வெப்பம் அப்படியே இருக்கும்.

இந்த நிலையில் தாகத்தை நம்ப முடியாது. அது எப்போதும் பிந்தித்தான் வரும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டேயிருந்தாலும் இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றும், தசை பிடிக்கும். ஜீவனிப் பைக்கற்று ஒன்றிரண்டு, உப்புப் போட்ட கஞ்சி, தோடம்பழம் எல்லாம் பெட்டியில் ஏறுவது அதற்காக. குடலுக்குள் சீனியும் உப்பும் சேர்ந்து இருந்தால்தான் தண்ணீர் சுருக்கில் உறிஞ்சப்படும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கொடுப்பதும் இதே சூட்சுமத்தால்தான். வேலைக்கும் ஓய்வுக்கும் மணிக்கூடு வைத்திருக்கிறார்கள்: சில பத்து நிமிடம் வேலை, பிறகு நிழலில் கவசத்தைக் கழற்றிவிட்டு இருத்தல். கழற்றுவது முக்கியம். கவசத்தோடு நிழலில் இருப்பவருக்கு நிழலின் பயனில் பாதிதான் கிடைக்கும். விடிய வெள்ளனத் தொடங்கி உச்சிக்குப் பிறகு சுருக்கிக்கொள்வதற்கும் இதுவே காரணம். வெப்பம் ஏறிய மூளை முதலில் இழப்பது பொறுமையை. முந்நூறாவது தகரத் துண்டை முதலாவதைப் போலவே மெதுவாகத் திறக்க வேண்டிய தொழிலில் பொறுமையும் ஒரு பாதுகாப்புச் சாமான்.

மருத்துவப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரத்தம் கட்டும் பட்டி, சேலைன், தூக்குக் கட்டில், ஒவ்வொருவரின் இரத்தவகையும் எழுதிய அட்டை, வேலை செய்கிற வானொலிக் கருவி, ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை திறந்திருக்கிறதா என்ற விசாரிப்பு. ஆள் சாவது பெரும்பாலும் இரத்தம் போவதால்தான், அதுவும் நிமிடக் கணக்கில். ஆகவே அம்புலன்ஸ் இல்லாத காலையில் வேலை இல்லை. வாகனம் வேறு வேலைக்குப் போய்விட்டால் அணி முழுவதும் உட்கார்ந்திருக்கும். பட்டியலில் பேரம் பேச முடியாத வரி அது.

நிலம் துப்புரவாகிவிட்டது என்பதை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? வெடி ஒன்றும் இனிக் கிடைக்கவில்லை என்பது போதாது, தேடாதவருக்கும் கிடைக்காது. வேறோர் அணி, முதல் அணியோடு தொடர்பில்லாதது, முடித்த நிலத்தில் சில பகுதிகளைத் தெரிந்தெடுத்துத் திரும்பவும் சோதிக்கும். அங்கே அவர்கள் தேடுவது வெடியை மட்டும் அல்ல. வெடியின் ஊசியளவு உலோகம் ஒரு துண்டு கிடைத்தாலே அது தோல்வி. வெடி அபூர்வம், தகரம் தாராளம். தகரம் ஒன்றும் தப்பவில்லை என்றால் வெடியும் தப்பியிராது என்று நம்ப இடமுண்டு. முன்னர் அணியைத் திணறடித்த அந்தத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு இங்கே அளவுகோலாகிவிடுகிறது.

சோதனை முடிந்து காணி சொந்தக்காரரிடம் ஒப்படைக்கப்படும்போது தாளில் பரப்போடு ஆழமும் எழுதப்படும். வெடி எவ்வளவு ஆழத்தில் கிடக்கும் என்பதற்கு நம்பத்தக்க தகவல் இல்லாத இடங்களுக்குச் சர்வதேச விதிகள் சொல்லும் பொதுவான அளவு 13 சென்ரிமீற்றர். கிடைத்த வெடிகளைப் பார்த்து அதைக் கூட்டுவார்கள். நெல் விதைக்க அது காணும். மணல் ஏறும் கரையோரத்தில் காற்று ஒரு பருவத்திலேயே மேலே ஒரு முழம் கொட்டிவிடக்கூடும். அப்படி மூடுண்ட நிலத்துக்கு ஆழத்தைக் கூட்டித்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கிணறு வெட்டவோ வீட்டுக்கு அத்திவாரம் தோண்டவோ நினைப்பவர், தாளிலுள்ள ஆழம் தம் தேவைக்குக் குறைவாக இருந்தால், மண்வெட்டி எடுக்குமுன் மிதிவெடி அகற்றும் அலுவலகத்தில் கேட்டு அந்தத் துண்டை மட்டும் இன்னொரு தரம் பார்க்கச் சொல்லலாம்.